எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. உரையாற்றியவர் 2010-ஆம் ஆண்டு நம் கல்லூரியில் பட்டம் பெற்ற பொறியாளர்.)



வடை, பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மேலே மின்விசிறி ஓடுகிறது. இந்த நேரத்தில் பேச எனக்கு வாய்ப்புக் கொடுத்த செயலாளர் அண்ணனுக்கு என் மீது என்ன கோபமோ தெரியவில்லை. தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். ஆனால் ஒன்று. நான் பேசப் போவதே, எதிரே இருப்பவர் விழித்திருக்கிறாரா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், இணையத்தில் உடனுக்குடன் நடக்கும் இரு வழித் தகவல் தொடர்பு. பயப்பட வேண்டாம், கரும்பலகையில் எதுவும் எழுதப் போவதில்லை.

ரிசல்ட் வந்த இரவு

2008-ல் ஒரு இரவு. பருவத் தேர்வு முடிவு 'இன்றைக்கு வருகிறது' என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கல்லூரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் கூட்டம். மணிக்குப் பதினைந்து ரூபாய். ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் ஐந்து பேர். எல்லோரும் செய்தது ஒன்றுதான். எஃப்-5 பொத்தானை அமுக்குவது. 'இன்னும் வெளியாகவில்லை.' மறுபடியும் அமுக்கு. 'இன்னும் வெளியாகவில்லை.' பத்து மணிக்கு அந்த வரியும் வருவது நின்றுபோனது. சர்வர் படுத்துவிட்டது. ரிசல்ட் உண்மையில் வந்தபோது அதைச் சொல்ல சர்வருக்கு உயிர் இல்லை!

அன்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ரிசல்ட் வந்ததும் அந்த சர்வரே நம்மைக் கூப்பிட்டு 'வந்துவிட்டது தம்பி' என்று சொன்னால் என்ன? நாம் ஏன் நொடிக்கு நொடி போய்க் கேட்க வேண்டும்? மறுநாள் எங்கள் நெட்வொர்க்ஸ் ஆசிரியரிடம் கேட்டேன். சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது கேட்டால்தான் சொல்லும்ப்பா. தானா வாயைத் திறக்காது."

ஏன் திறக்காது என்பதற்குப் பதில் கிடைக்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

பூட்டுப் போட்ட போன்

இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். விடுதி வார்டன் அறையில் கறுப்பு டெலிபோன் ஒன்று இருந்ததாம். டயலில் சின்னப் பூட்டு. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துப் பேசலாம். இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. இணையத்தில் இருக்கும் சர்வர் அப்படிப்பட்ட போன்தான். அழைத்தால் பதில் சொல்லும். தானாக யாரையும் அழைக்காது.

பூட்டுப் போட்டவர் மேல் குற்றமில்லை. 1989-ல் ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இணையத்தளம் என்ற யோசனையை எழுதிக் கொடுத்தபோது, அவர் மனத்தில் இருந்தது ஆவணங்கள். விஞ்ஞானிகள் எழுதிய குறிப்புகளை வேறு விஞ்ஞானிகள் எடுத்துப் படிக்க வேண்டும். அதற்காக அவர் வகுத்த எச்.டி.டி.பி. என்ற நெறிமுறை 1991-ல் ஒரே ஒரு வரிதான். 'இந்தப் பக்கத்தைக் கொடு.' சர்வர் கொடுக்கும். கொடுத்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். கேட்டது யார் என்பதையும் மறந்துவிடும். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் நம் வீட்டு முகவரி கேட்பதில்லை அல்லவா? அந்த மறதியால்தான் ஒரே சர்வரால் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடியில் ஓடும் கம்பி முதலிலிருந்தே இரு வழிக் கம்பிதான். விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த டி.சி.பி. நெறிமுறையில், இரு முனையும் ஒரே நேரத்தில் பேசலாம். 'நீ கேள், நான் சொல்கிறேன்' என்ற கட்டுப்பாடு அதன் மேலே எச்.டி.டி.பி. போட்டது. ரோடு இரு வழி. போலீஸ்காரர்தான் ஒரு வழி ஆக்கி வைத்திருந்தார்.

ரேஷன் கடைக்கு நடந்த கதை

பூட்டை உடைக்க முடியவில்லை. ஆகவே நம் ஆட்கள் குறுக்கு வழி தேடினார்கள். ரேஷன் கடையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பையனை அனுப்பி 'வந்தாச்சா?' என்று கேட்டுவரச் சொல்கிறோம். இதற்குப் பெயர் போலிங். நாங்கள் எஃப்-5 அமுக்கியது இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மாணவர்கள், ஐந்து வினாடிக்கு ஒரு முறை கேட்டால், வினாடிக்கு 200 கேள்வி. இரண்டு மணி நேரத்தில் 14 லட்சத்து 40 ஆயிரம் கேள்வி. கடைசி ஆயிரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் 'இல்லை'. இல்லை என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போன சர்வர் அது.

முதலில் ஒவ்வொரு முறையும் பக்கம் முழுவதையும் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. 1999-ல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ல் எக்ஸ்.எம்.எல்.எச்.டி.டி.பி. என்ற வாய்க்குள் நுழையாத பெயரில் ஒரு வசதி வைத்தது. பக்கத்தைக் கலைக்காமல், பின்னாலிருந்து கொஞ்சம் தகவலை மட்டும் கேட்டு வாங்கலாம். 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகுதான் குழந்தை ஊரில் பிரபலமானது.

அடுத்த யோசனை இன்னும் சாமர்த்தியமானது. 'வந்தாச்சா?' என்று பையன் கேட்டதும் கடைக்காரர் 'இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், 'நில்லு, வந்ததும் தர்றேன்' என்று கடை வாசலிலேயே நிறுத்திவைக்கிறார். லாரி வந்ததும் கேனை நிரப்பி அனுப்புகிறார். இதுதான் லாங் போலிங். 2006-ல் அலெக்ஸ் ரஸ்ஸல் இந்த வகை உத்திகளுக்கெல்லாம் சேர்த்து காமெட் என்று பெயரிட்டார். குறை என்ன? ஒவ்வொரு முறை வாங்கியதும் பையன் திரும்ப ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும். அது மட்டுமல்ல, கடை வாசலில் பத்தாயிரம் பையன்கள் நின்றால் கடைக்காரர் கதி என்ன? பத்தாயிரம் இணைப்புகளை ஒரே சர்வர் எப்படித் தாங்கும் என்ற கேள்வியை டான் கெகல் 1999-லேயே எழுப்பியிருந்தார். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வேலையாளை ஒதுக்காமல், ஒரே ஆள் எல்லோரையும் கவனித்து, யாருக்குச் சரக்கு வந்ததோ அவரை மட்டும் கூப்பிடும் முறையில் சர்வர்களை எழுதினார்கள். 2004-ல் வெளிவந்த எஞ்சின்-எக்ஸ், 2009-ல் வந்த நோட் ஜே.எஸ். எல்லாம் அந்த வழியில் வந்தவை. 2012-ல் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரே சர்வரில் இருபது லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியதாக அறிவித்தது. பத்தாயிரமே மலைப்பாக இருந்த இடத்தில் இருபது லட்சம்!

இன்னொரு முறையும் உண்டு. கோயில் ஒலிபெருக்கி மாதிரி. நாம் ஒரு முறை காதைக் கொடுத்துவிட்டால் போதும், சர்வர் சொல்லிக்கொண்டே இருக்கும். நாம் அதே வழியில் திரும்பப் பேச முடியாது. சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் என்று பெயர். இதைப் பழைய சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேள்வி கேட்டால் பதில் சொல் சொல்லாக வந்து விழுகிறதே, அவற்றில் பல இந்த வழியில்தான் அனுப்புகின்றன.

பூட்டு திறந்தது

2008-ல் இயன் ஹிக்சன், மைக்கேல் கார்ட்டர் முதலியோர் உருவாக்கத் தொடங்கியதுதான் வெப்சாக்கெட். நாங்கள் எஃப்-5 அமுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு! 2009 டிசம்பரில் குரோம் பிரவுசரில் முதலில் வந்தது. 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்ற எண்ணோடு முறையான தரமாக வெளியானது.

இதன் தந்திரம் அழகானது. பிரவுசர் வழக்கமான எச்.டி.டி.பி. கேள்வி மாதிரியே போய்க் கதவைத் தட்டுகிறது. ஆனால் கேள்வியோடு ஒரு குறிப்பு வைக்கிறது: 'இனிமேல் வேறு பாஷையில் பேசலாமா?' கூடவே 16 பைட் நீளமுள்ள தற்செயல் எண் ஒன்றையும் கொடுக்கிறது. சர்வர் அந்த எண்ணோடு தரத்தில் எழுதிவைத்த ஒரு நிலையான சொற்கோவையைச் சேர்த்து, எஸ்.எச்.ஏ.-1 கணக்கில் போட்டு, விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெப்சாக்கெட் தெரிந்த சர்வருக்குத்தான் அது முடியும். விடையோடு '101' என்ற எண் வந்தால் சம்மதம் என்று பொருள். அந்த நொடியிலிருந்து பழைய கட்டுப்பாடு போய்விடுகிறது. கம்பி அப்படியே திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். புதிதாகக் கதவு எதையும் திறக்கச் சொல்லவில்லை. பழைய 80, 443 எண் வாசல்களையே பயன்படுத்துவதால் அலுவலக ஃபயர்வால் காவலர்களும் பெரும்பாலும் தடுப்பதில்லை.

செலவும் குறைவு. 'வணக்கம்' என்ற சொல்லை யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதினால் 21 பைட். சர்வர் அதை வெப்சாக்கெட்டில் அனுப்ப மேலே 2 பைட் உறை போதும், மொத்தம் 23. பிரவுசர் அனுப்பினால் இன்னும் நாலு பைட் கூடும், 27. இதையே தனி எச்.டி.டி.பி. கேள்வியாக அனுப்பினால் உறை மட்டுமே சாதாரணமாகச் சில நூறு பைட் ஆகும். தபால் கார்டில் எழுத வேண்டியதை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்து அனுப்பின மாதிரி.

அந்த நாலு பைட் எதற்கு என்று ஒரு மாணவராவது கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2010-ல் ஆடம் பார்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் பிராக்ஸி என்ற இடைத்தரகர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு இந்தப் புதுப் பாஷை புரியாது. கெட்ட எண்ணம் உள்ள ஒரு வலைப்பக்கம், எச்.டி.டி.பி. கேள்வி மாதிரியே தோற்றமளிக்கும் செய்தியை அனுப்பினால், பிராக்ஸி ஏமாந்து போலிச் சரக்கைத் தன்னிடம் சேமித்துவைத்து, மற்றவர்களுக்கும் கொடுத்துவிடும். அந்த டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 4, ஓபரா இரண்டிலும் வெப்சாக்கெட்டை நிறுத்திவைத்தார்கள். பிறகு வந்த தீர்வுதான் அந்த நாலு பைட். பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் ஒரு தற்செயல் எண்ணால் கலைத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இது ரகசியம் காக்க அல்ல. கலைத்த சாவியும் கூடவே போகிறது. நடுவில் இருப்பவர் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக மட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் இங்கே வந்தது புத்தகத்தில் படித்தும் உறைக்காத ஒன்றைச் சொல்ல.

ஒன்பதாம் நம்பர் குளம்

2014. நான் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் ஓர் இறால் பண்ணைக்குக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று செய்து கொடுத்தோம். பன்னிரண்டு குளங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி. அளவு எங்கள் சர்வருக்கு வரும். சர்வர் வெப்சாக்கெட் வழியாகப் பண்ணைக் கொட்டகையிலுள்ள கம்ப்யூட்டர் திரைக்கு அனுப்பும். திரைப் பகுதியை எழுதியது நான். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் சைரன் அடிக்கும்.

இறால் வளர்ப்பில் ராத்திரிதான் கண்டம். பகலில் தண்ணீரிலுள்ள பாசி வெயிலில் ஆக்சிஜனை விடும். இரவில் பாசியும் இறாலும் சேர்ந்து அதைக் குடிக்கும். விடிவதற்கு முன்பு அளவு மிகவும் குறையும். ஏரேட்டர் சக்கரங்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீரில் காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் போச்சு.

ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு மேல் ஒன்பதாம் நம்பர் குளத்தில் மோட்டாருக்கு ஒரு பேஸ் போய், ஏரேட்டர்கள் நின்றுவிட்டன. மற்ற பதினொரு குளத்துச் சக்கரங்களும் இரைந்துகொண்டிருந்ததால் ஒரு குளத்தின் சத்தம் நின்றது காதில் விழவில்லை. காலை ஐந்தரைக்குப் பார்க்கும்போது கரையெல்லாம் இறால் ஒதுங்கிக் கிடக்கிறது. நூறு நாள் வளர்த்தது, ஏறக்குறைய இரண்டு டன்.

இரவுக் காவலில் இருந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். தூங்கிவிட்டார் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். சைரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை என்றார். நாலு பேர் முன்னால் திட்டி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார். நான் போனபோது பெரியவர் பண்ணை வாசலில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் தூங்கலைங்க. கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அஞ்சு புள்ளி ஒண்ணுன்னுதான் காட்டுச்சு. பச்சை விளக்கும் எரிஞ்சுச்சு."

நான் நம்பவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்பவில்லை. அறைக்குத் திரும்பி சர்வரின் பதிவேட்டைப் பார்த்தேன். இரவு 12.40-க்குப் பிறகு கொட்டகைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒப்புதல் எதுவும் வரவில்லை. 12.56-க்கு ஒரு வரி: பதில் இல்லை, இணைப்பு கைவிடப்பட்டது. இரண்டரை மணிக்கு ஒன்பதாம் குளத்துக்கு அபாய அறிவிப்பு எழுந்திருக்கிறது. அனுப்ப ஆள் இல்லை. எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதியை 'இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்' என்று நாங்களே தள்ளிவைத்திருந்தோம்.

நடந்தது இதுதான். 12.40-க்குக் கொட்டகையின் மொபைல் டாங்கிள் தொடர்பு அறுந்து, புது முகவரியோடு மறுபடி இணைந்திருக்கிறது. சர்வர் பழைய முகவரிக்கே கால் மணி நேரம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. அது கைவிட்டதும் பிரவுசருக்குப் போய்ச் சேரவில்லை. பிரவுசர் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. நான் எழுதிய நிரல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது, எதையும் அனுப்பவில்லை. டி.சி.பி.-யில் அனுப்புகிறவனுக்குத்தான், ஒப்புதல் வராதபோது, கம்பி அறுந்தது தெரியும். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவனுக்குத் தெரியாது. அவன் வரைக்கும் அது அமைதியான இரவு. லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் 'உயிரோடு இருக்கிறாயா' என்ற டி.சி.பி. சோதனைகூட, அதை இயக்கிவிட்டாலும், வழக்கமான அமைப்பில் இரண்டு மணி நேரம் மௌனம் நீடித்த பிறகுதான் தொடங்கும்.

கடைசியாக வந்த 5.1 திரையில் அப்படியே நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. பெரியவர் பார்த்தது உண்மை. பொய் சொன்னது என் திரை.

அலுவலகத்தில் பேச்சு நடந்தது. 'நெட்வொர்க் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடலாமே, அது உண்மைதானே' என்றார் ஒருவர். உண்மைதான்; பாதி உண்மை. நெட்வொர்க் அறுவது வழக்கம். அறுந்ததை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சொல்லாமல் இருந்தது நான். மறுநாள் பண்ணைக்குப் போய் முதலாளியிடம் பதிவேட்டைக் காட்டி, அந்த ராத்திரி சைரன் அடிக்கவே இல்லை, தப்பு எங்கள் பக்கம், திரையை எழுதியவன் நான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த மனுசனை நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா தம்பி?" என்றார். அன்று சாயங்காலமே ஆள் அனுப்பினார். பெரியவர் உடனே வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார். எங்கள் நிறுவனம் நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்த ஆண்டு சம்பள உயர்வு வரவில்லை. காரணம் இதுதானா என்று நான் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால்

மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெப்சாக்கெட் தரத்திலேயே பிங், பாங் என்று இரண்டு குட்டிச் செய்திகள் இருக்கின்றன. ஒருவர் பிங் அனுப்பினால் மற்றவர் பாங் என்று பதில் தர வேண்டும். விடுதிக்குக் கிளம்பும்போது அம்மா சொல்வார்களே, 'போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு' என்று? அதேதான். அந்த மிஸ்டு காலில் பேச்சு ஒன்றும் இல்லை, காசும் இல்லை. ஆனால் அது வரும் வரை அம்மா தூங்குவதில்லை. வராவிட்டால் 'நல்லாத்தான் இருப்பான்' என்று எடுத்துக்கொள்வதும் இல்லை.

இதில் ஒரு சிக்கல். சர்வர் பிங் அனுப்பினால் பிரவுசர் தானே பாங் சொல்லிவிடும். ஆனால் பிரவுசரில் நாம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் பிங் அனுப்பவும் முடியாது, வந்த பிங்கைப் பார்க்கவும் முடியாது. ஆகவே நம் மிஸ்டு காலை நாமே சாதாரணச் செய்தியாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் செய்தவை நான்கு.

ஒன்று, இருபது வினாடிக்கு ஒரு முறை திரை சர்வரைக் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். நாற்பத்தைந்து வினாடி பதில் இல்லையென்றால் இணைப்பு செத்ததாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு, அப்போது திரையிலுள்ள எண்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். 'கடைசியாகத் தகவல் வந்த நேரம் 12.40' என்று பெரிய எழுத்தில் வரும். சைரனும் அடிக்கும். தெரியவில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லும் திரை வேண்டும்.

மூன்று, மறுபடி இணைய முயலும்போது உடனுக்குடன் முட்டாமல், ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, கொஞ்சம் முன்பின்னாக மாற்றி முயல வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் ஒரு முறை விழுந்து எழுந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் பாய்ந்து மறுபடி அதைக் கொன்றுவிடுவார்கள், நம் ரிசல்ட் இரவு மாதிரி.

நான்கு, ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண். திரும்ப இணைந்ததும் 'எனக்குக் கடைசியாகக் கிடைத்தது இத்தனாவது' என்று சொல்லி, விட்டுப்போனதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒலிபெருக்கி முறை என்று சொன்னேனே, அதில் இந்த வசதி ஏற்கனவே உண்டு. வெப்சாக்கெட்டில் நாமே செய்துகொள்ள வேண்டும்.

எதற்கு எதைப் பயன்படுத்துவது? தேர்வு முடிவுக்கு வெப்சாக்கெட் வேண்டாம்; நிதானமாகக் கேட்டாலே போதும், அல்லது ஒலிபெருக்கி போதும். அரட்டை, விளையாட்டு, பலர் சேர்ந்து ஒரே ஆவணத்தில் எழுதுவது போன்றவற்றுக்கு வெப்சாக்கெட். குரலுக்கும் படத்துக்கும் வெப்-ஆர்.டி.சி.; அது 2021 ஜனவரியில் முறையான தரமானது. பேச்சில் தாமதமாக வந்த சொல்லுக்கு மதிப்பில்லை, விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அதன் கொள்கை. 2021-ல் தரமான குவிக் என்ற புதிய அடித்தளத்தின் மேல் வெப்டிரான்ஸ்போர்ட் என்ற ஒன்றும் வந்திருக்கிறது. பெயர்கள் மாறும். நீங்கள் வேலைக்குப் போகும்போது இன்னும் நாலு பெயர் வந்திருக்கும். எதை எடுத்தாலும், எதிர்முனை மௌனமாக இருந்தால் அது நலமா, மரணமா என்பதை உங்கள் நிரல் எப்படித் தெரிந்துகொள்ளும் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் எழுதாமல் பச்சை விளக்கு வரையாதீர்கள்.

முடிப்பதற்கு முன் ஒன்று. எங்கள் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 58 பேர். தினமும் காலை வணக்கம், பிறந்தநாள் கேக், அரசியல் சண்டை எல்லாம் உண்டு. அதில் ஒருவன் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. குழுவில் பெயர் இருக்கிறது. ஆகவே 'இருக்கான்' என்று நினைத்துக்கொண்டோம். இந்தச் சந்திப்புக்கு அழைப்பதற்காகப் போன மாதம்தான் அவனைக் கூப்பிட்டேன். வேலை போய், அப்பாவுக்கு உடம்பு முடியாமல், சொந்த ஊரில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். "ஏண்டா சொல்லலை?" என்றேன். "நீங்க யாரும் கேக்கலையேடா" என்றான். பத்து வருடமாக ஊருக்கெல்லாம் பிங், பாங் போதித்தவன் நான். அவன் இன்று வந்திருக்கிறான். யார் என்று சொல்ல மாட்டேன். இதைச் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு சிறு கோரிக்கை. நம் மலரில் முகவரிப் பட்டியல் ஒவ்வொரு முறையும் அச்சாகிறது. அடுத்த முறை அச்சிடும் முன் ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு பேர் உட்கார்ந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் ஒரு முறை கூப்பிட்டுப் பேசட்டும். எங்கள் பேட்ச்சுக்கு நான் செய்கிறேன்.

தூங்கியவர்களை எழுப்பிவிடுங்கள், தேநீர் வந்துவிட்டது.